கசியும் பாறையில் ஒரு காசித்தும்பை

ஈரநிலம் என்றதும் ஏரியும் சதுப்பும்தான் நம் நினைவுக்கு வரும். செங்குத்துப் பாறையும் ஈரநிலமாக இருக்க முடியும் என்பதைப் பார்க்க, தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகு திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காட்டுக்குப் போக வேண்டும். விதுராவிலிருந்து ஏறும் சாலை, பழைய தேயிலைத் தோட்டம், தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள். அவற்றுக்கெல்லாம் மேலே 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர்கூடம். இந்தச் சரிவுகளில் மழை விட்ட பிறகும் பாறைகள் கசிந்துகொண்டே இருக்கும். கசிவில் பாசி படரும், பாசியில் கொஞ்சம் மண் சேரும். அந்த மண்ணே போதும், ஒரு காட்டுக் காசித்தும்பைக்கு.

இம்பேஷியன்ஸ் ஸ்கேப்பிஃப்ளோரா என்பது அதன் அறிவியல் பெயர். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. வீட்டுத் தோட்டத்துக் காசித்தும்பை ஒரு பருவத்தோடு மடிந்துவிடும். இதுவோ பல்லாண்டு வாழும் செடி. கோடையில் இலையெல்லாம் காய்ந்துபோக, பாசிக்கடியில் சிறு கிழங்கு மட்டும் உயிரோடு கிடக்கும். மழை பட்டதும் கிழங்கிலிருந்தே இலைகள் கிளம்பும், நடுவில் ஒரு பூங்காம்பு நிமிரும், இளஞ்சிவப்பாகப் பூக்கும்.

பூவைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பின்புறம் வால்போல் நீண்ட மெல்லிய குழல், அதற்குள் தேன். வாயருகே ஐந்து மகரந்தப் பைகளும் ஒட்டித் தொப்பியாகிச் சூல்முடியை மூடியிருக்கும். தேனுக்கு வரும் பூச்சியின் மேல் முதலில் மகரந்தம் படும். தொப்பி உதிர்ந்த பிறகே சூல்முடி வெளியே தெரியும். இனி வேறொரு பூவின் மகரந்தம் வந்து சேர வேண்டும். காய் முற்றிவிட்டால் தொட்டதும் வெடித்து விதைகள் தெறிக்கும்.

உலர்மாதிரிக்காகக் காகிதத்தில் வைத்து அழுத்தினால் பூவின் இந்த அமைப்பு முழுக்கக் கசங்கிவிடும். தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர், 1911இல் தம் 94ஆம் வயதில் இறக்கும்வரை, காசித்தும்பைப் பேரினத்தோடுதான் மல்லாடிக்கொண்டிருந்தார். உலர்ந்த பூக்களை நனைத்து, பிரித்து, உறுப்பு உறுப்பாக வரைந்த அந்த உழைப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

பூ காகிதத்தில் கசங்குகிறது என்றால், அது வாழும் கசிவு வரைபடத்தில் தெரிவதே இல்லை. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உருவான தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பில் 2.25 ஹெக்டேருக்குக் குறைந்த ஈரநிலங்கள் வெறும் புள்ளிகள். செங்குத்துப் பாறையில் நாலடி அகலத்துக்குக் கசியும் நீர் புள்ளியாகக்கூட வராது. பேப்பாறை வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கும் பாறைகளுக்காவது காவல் உண்டு. சாலையோரப் பாறைகளுக்கு அதுவும் இல்லை. பாறையையே வெட்ட வேண்டியதில்லை. மேலே ஒரு வடிகால் தோண்டி நீரைத் திருப்பினாலே கசிவு நின்றுவிடும், கிழங்கு காய்ந்துவிடும். மலைச்சாலையை அகலப்படுத்தத் திட்டமிடுபவர்கள் மழைக்காலத்தில் ஒருமுறை அந்த வழியே நடந்து, கசியும் பாறைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். கோடையில் அளக்க வந்தால் அவர்கள் கண்ணில் படுவது வெறும் பாறைதான்.