உங்களுக்குத் தெரியுமா? மேப்பிள் இலையின் சிவப்பு

இலையின் மஞ்சள் நிறம் கோடை முழுவதும் உள்ளேயே இருந்ததுதான். பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்பையோ, மரம் இலையுதிர் காலத்தில்தான் புதிதாக உருவாக்குகிறது!

• வெயில் எறிக்கும் பகலும், உறைபனி விழாத குளிர் இரவும் தொடர்ந்தால் சிவப்பு இன்னும் ஆழமாகும்.

• நிறம் வடக்கிலிருந்து இறங்கி வரும். அல்கொங்குயின் பூங்காவின் சீனி மேப்பிள்கள் செப்டம்பர் கடைசியிலேயே உச்சம் தொடுகின்றன. ஒக்டோபரின் இரண்டாவது திங்கட்கிழமை வரும் நன்றியறிதல் விடுமுறைக்கு அங்கே போனால், பல மேப்பிள்கள் இலை கொட்டியிருக்கும்.

• பிக்கரிங்கில் ஒக்டோபர் நடுப்பகுதி வரை பொறுக்கலாம். வெஸ்ட் டஃபின்ஸ் ஓடையை ஒட்டிய சீட்டன் நடைபாதைக்குக் காலையில் போய்ப் பாருங்கள். வீட்டுக்கு அருகிலேயே இப்படியொரு காடு வாய்த்தது நம் பேறு.

• பூங்கா வாரியான நிற நிலவரத்தை ஒன்ராறியோ பூங்காக்கள் அமைப்பு இணையத்தில் வெளியிடுகிறது.