தோட்ட ஆவணங்களும் காப்பு நகலும்: ‘டார்’ கட்டளை பற்றிய ஒரு விளக்கம்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வரலாற்று நூல்களில் இடம்பெறுவது பெரும்பாலும் ஒரே நாளின் பொருட்டாகும். 1948ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் இவ்வூரை அடுத்த தோட்டங்களில் ஐரோப்பிய நிருவாகிகள் மூவர் கொல்லப்பட்டனர். தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஆயின், இவ்வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய தமிழர்தம் வாழ்வு பெரட்டுக்களக் கதைகளிலும் செக்ரோல் ஏடுகளிலும் தமிழ்ப்பள்ளிப் பதிவேடுகளிலும் சிதறிக் கிடக்கிறது. இவற்றை ஒளிவருடிக் கணினியில் சேர்க்கும் ஆசிரியர், கோப்புறை அழிந்தால் மூல ஏட்டுக்கே திரும்பலாம் என நம்புதல் கூடாது. தோட்டம் செம்பனைக்கோ வீடமைப்புக்கோ மாறியபின் ஏட்டை எங்கே தேடுவது?

1979இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வெளிவந்த ‘டார்’, காந்த நாடாவில் கோப்புகளைத் தொகுத்துவைக்க எழுந்த கருவி. பொதுப் பயன்பாட்டில் நாடா அருகியது, கருவி நிலைத்தது. ‘கிரியேட்’ என்னும் விருப்பத்தேர்வு, ஒரு கோப்புறையை அதன் உட்பிரிவுகள், திருத்திய நாள் ஆகியவற்றோடு ஒரே கோப்பாகக் கட்டுகிறது. ‘லிஸ்ட்’ அதன் உள்ளடக்கத்தைப் பிரிக்காமலே காட்டும். குனூ டாரில் உள்ள ‘கம்பேர்’ தொகுப்பை மூலத்தோடு ஒப்பிட்டு வேறுபாட்டைச் சொல்லும். நகல் எடுத்த கையோடு இதனைச் செய்தல் நன்று, பலரும் செய்வதில்லை.

மீட்பதற்குரியது ‘எக்ஸ்ட்ராக்ட்’. ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். அதே பெயரில் கோப்பு இருப்பின், கேளாமலே பழையதை அதன்மேல் எழுதிவிடும். நேற்றுத் திருத்திய படியெடுப்பு, சென்ற மாத நகலால் மறையக்கூடும். ஆதலின் வெற்றுக் கோப்புறை ஒன்றிலேயே பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

தொகுப்பைச் சுருக்கலாமா என வினவுவர். ஒளிப்படங்களும் ஒலிப்பதிவுகளும் பெரும்பாலும் முன்னரே சுருங்கியவை. ஆதலின் பயன் சிறிது. மேலும், சுருக்கிய கோப்பில் ஓரிடம் பழுதுற்றால் அதற்குப் பிற்பட்ட பகுதி முழுதும் பெரும்பாலும் கைவிட்டுப் போகும். சுருக்காத தொகுப்பே என் தெரிவு. எனினும், கோப்பின் உள்ளே நேரும் பழுதை அத்தொகுப்பு தானாக உணர்த்தாது. சரிபார்ப்பு எண்ணைத் தனியே குறித்துவைத்தல் வேண்டும்.

இன்னொன்று தமிழுக்கே உரியது. ஒருங்குறி பரவுவதற்கு முன் திஸ்கியிலும் தனித்தனி எழுத்துருக்களிலும் தட்டெழுதிய நேர்காணல்கள் பல உள்ளன. ‘டார்’ அவற்றைப் பிழையின்றி மீட்டுத் தந்தாலும், உரிய எழுத்துரு இல்லையேல் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும். எழுத்துருக் கோப்பையும், எக்குறியீட்டில் எழுதப்பட்டது என்னும் குறிப்பையும், ஒருங்குறிக்கு மாற்றிய படி ஒன்றையும் அதே கோப்புறையில் வைத்த பின்னரே தொகுப்பைக் கட்டுதல் வேண்டும்.