தொட்டிலோடு முடியாத வளர்ச்சி

போன இதழில் சர்க்கரை வியாதிக்காரர்களின் கால் புண்ணைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை புண்ணும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஒரு காலேஜ் பாடத்தைப் பற்றி எழுதப் போகிறேன். "டிரஸ்ஸருக்கு வேற வேலை இல்லையா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டுக் கைப்பிள்ளையும் இதில் வருகிறது. மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியும் வருகிறார்.

என் அக்கா குடும்பம் சிங்கப்பூரில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலம் தாண்டிப் போயிருந்தேன். அக்கா மகள் அங்கே மனோதத்துவம் படிக்கிறாள். மனோதத்துவம் என்றால் பைத்தியத்துக்கு வைத்தியம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தத் தவணையில் அவளுக்கு வந்திருந்த பாடமோ வேறு. கருவில் உண்டானதிலிருந்து கட்டையில் போகிற வரைக்கும் மனிதன் எப்படி வளர்கிறான், எப்படி மாறுகிறான் என்பதுதான் அது. நாற்பது வயது தாண்டிய ஒருவரைப் பேட்டி எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடையில் ஆளுக்கொரு தேத்தண்ணி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நோட்டைத் திறந்தாள்.

"மாமா, நாப்பதுக்கு மேல உங்களுக்கு என்னென்ன மாறியிருக்கு?"

"கண்ணாடி போட்டுட்டேன். படியேறினா முட்டி வலிக்குது."

"அது உடம்பு மாமா. மனசுல?"

எனக்குப் பதில் வரவில்லை. நாற்பதுக்கு மேலும் மனசு வளரும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. பிள்ளைக்கு எடை போடுகிறோம், ஊசி போடுகிறோம், அட்டையில் குறிக்கிறோம். பள்ளிக்கூடம் போய்விட்டால் அதோடு சரி. அதற்குப் பிறகு ஆள் வியாதியோடு வந்தால்தான் நம் கண்ணில் படுகிறார்.

அவள் பாடத்தில் முக்கியமான ஒரு பெயர் எரிக் எரிக்சன். 1902-ல் பிறந்து 1994-ல் மறைந்தவர். 1950-ல் வெளியிட்ட புத்தகத்தில் மனித வாழ்க்கையை எட்டுப் படிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு படியிலும் மனசுக்குள் ஓர் இழுபறி நடக்கிறது என்றார். கைக்குழந்தைக்கு என்ன இழுபறி? நான் அழுதால் ஆள் வருமா, வராதா என்பதுதான். வந்தால் உலகத்தை நம்பக் கற்றுக்கொள்கிறது. விடியுமுன்னே பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போன தாய்மார்களுக்கு இதைப் படித்தால் நெஞ்சு பதறும். பதற வேண்டாம். தாய் ஒருத்திதான் வர வேண்டும் என்பதில்லை. தெரிந்த முகம், தினமும் அதே கை, கூப்பிட்டால் ஓடி வரும் ஓர் ஆள் இருந்தால் பிள்ளைக்கு அந்த நம்பிக்கை உண்டாகும். முப்பது பிள்ளைக்கு ஓர் ஆயாவை வைத்துவிட்டு "கொட்டகை இருக்கிறதே" என்று சொல்வது வேறு கதை. அதைச் சங்கம் நிர்வாகத்திடம்தான் பேச வேண்டும்.

ஏழாவது படி என் வயசுக்காரர்களுக்கு உரியது. நடுவயதில் மனிதன் அடுத்த தலைமுறைக்கு ஏதாவது ஆக்கித் தருகிறானா, இல்லை தேங்கிப் போகிறானா என்பது கேள்வி. "நீங்க தேக்காவுல இருக்கீங்களா, தேக்கத்துல இருக்கீங்களா மாமா?" என்று கேட்டுச் சிரித்தாள் பொல்லாத பெண். எட்டாவது படி முதுமை. வாழ்ந்த வாழ்வைத் திரும்பிப் பார்த்து நிறைவு கொள்வதா, விரக்தி கொள்வதா? கணவர் இறந்த பிறகு அவர் மனைவி ஜோன் எரிக்சன், தொண்ணூறு தாண்டிய வயதில், ஒன்பதாவது படி ஒன்றையும் சேர்த்து எழுதினார். 1997-ல் அது அச்சில் வந்தது. எண்பது, தொண்ணூறில் உடம்பு படுத்தும் பாட்டை அந்த வயதுக்குப் போய்ப் பார்த்தவர்தானே எழுத முடியும்!

படி போட்டுப் பார்ப்பது நமக்கும் புதிதல்ல. பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம் உண்டு. ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி என்று பழைய புலவர்கள் பிரித்திருக்கிறார்கள். சப்பாணி என்றால் கைகொட்டுதல். ஒன்பது மாதத்துக்கு மேல் பிள்ளை கைதட்டுகிறதா என்று இன்றைக்கு டாக்டர்களும் கேட்கிறார்கள், பாருங்கள். பெண்களுக்குப் பேதை, பெதும்பை என்று தொடங்கி ஏழு பருவம் சொன்னார்கள். கடைசிப் பருவமான பேரிளம்பெண் நாற்பது வயதோடு முடிகிறது. அதைச் சொன்னதும் அக்கா, "அப்ப எனக்கு என்னடா பேரு?" என்று கேட்டது. புலவர்கள் பேரே வைக்காமல் விட்டுவிட்டார்கள்.

தேக்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் கேகே ஆஸ்பத்திரி. கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். 1924-ல் அது பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரி ஆனது. 1966-ல் மட்டும் அங்கே ஏறக்குறைய 40,000 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேல்! மச்சான் அந்த நாற்பதாயிரத்தில் ஒருவர். அதனால்தான் இன்னும் கூட்டத்தில் இடித்துக்கொண்டு போகிறார் என்று அக்கா சொல்லும். 1997-ல் ஆஸ்பத்திரி புதுக் கட்டடத்துக்கு மாறியது. 2023-ல் சிங்கப்பூரில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒரு பிள்ளைகூட இல்லை, கணக்கு 0.97.

2009-ல் இந்த ஆஸ்பத்திரியிலும் தேசியப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியிலும் சேர்ந்து ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கினார்கள். சுருக்கப் பெயர் கஸ்டோ. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று 1,200-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்து, பிறந்த பிள்ளைகளை வருஷக்கணக்காகத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். மகளின் பாடத்துக்கு வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கணக்கு மட்டுமல்ல, நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளின் கணக்கும் கிடைப்பது இப்படித்தான்.

அதில் மூன்று சங்கதி நமக்கு வேண்டியது. அந்தக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. கர்ப்பத்தில் தாய்க்கு இருந்த மனச்சோர்வுக்கும் பிறந்த குழந்தையின் மூளையில் கண்ட சில வித்தியாசங்களுக்கும் தொடர்பு தெரிந்தது. ஆகவே மாசமாக இருக்கும் பெண் சும்மா அழுகிறாள் என்று தள்ளாதீர்கள், என்னிடமோ கிளினிக் கெசிஹாத்தானிலோ சொல்லுங்கள். மூன்றாவது 2023-ல் வெளிவந்தது. ஒரு வயதில் அதிக நேரம் டிவி, கைபேசித் திரை பார்த்த பிள்ளைகளுக்கு, ஒன்பது வயதில் கவனம் செலுத்துவதும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதும் சற்றுக் குறைவாக இருந்தது. திரைதான் ஒரே காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனாலும் சோறூட்டக் கைபேசியைக் கொடுக்கும் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். சோறு உள்ளே போகிறது. யார் ஊட்டினார்கள் என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தாய் இரண்டரை வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஐயா, இன்னும் அம்மான்னுகூட சொல்லல" என்றாள். வெளியே வரிசையில் பதினைந்து பேர். "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும், அவன் அப்பனும் அப்படித்தானே" என்று சொல்லி விட்டமின் மருந்தைக் கொடுத்து அனுப்பினேன். நான்கு வயதில் பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்தபோதுதான் தெரிந்தது, பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. பேச்சு முளைக்கிற காலத்தில் ஒன்றரை வருஷத்தை நான் கெடுத்தேன். காதுக்குக் கருவி வந்தது, பேச்சும் ஓரளவு வந்தது. அந்தத் தாய் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

அதனால் தாய்மார்களே, இதை மனசில் வையுங்கள். நடை ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னே பின்னே வரும். உலகச் சுகாதார நிறுவனம் பல நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுச் சொன்ன கணக்கில், தனியாக நடப்பது எட்டு மாதத்திலிருந்து ஏறக்குறைய பதினெட்டு மாதம் வரை இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்தது என்று ஏங்க வேண்டாம். ஆனால் பதினெட்டு மாதம் தாண்டியும் நடக்கவில்லை என்றால், இரண்டு வயதில் "பால் தா", "அப்பா வா" என்று இரண்டு சொல் சேர்த்துச் சொல்லவில்லை என்றால், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், இருந்த பேச்சும் விளையாட்டும் குறைந்துகொண்டே போனால், காத்திருக்காதீர்கள். நானே "பொறுத்துப் பாரு" என்று சொன்னாலும் காத்திருக்காதீர்கள்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் ஒரு வேடிக்கை செய்து பார்த்தேன். பியாஜே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் செய்து காட்டியது. ஒரே மாதிரி இரண்டு குவளையில் சமமாகத் தேத்தண்ணி ஊற்றி, ஒன்றை ஒல்லியான உயரக் கிளாசில் மாற்றி ஊற்றினேன். பக்கத்து வீட்டு ஐந்து வயதுக்காரன் உயரக் கிளாசைக் காட்டி, "இதுலதான் நெறைய" என்றான். அவன் ஒன்பது வயது அக்கா, "லூசு, ரெண்டும் ஒண்ணுதான், ஒசரமா தெரியுது" என்றாள். தம்பி மண்டு இல்லை. ஏறக்குறைய ஏழு வயதுக்குள் பிள்ளைகளின் கணக்கு அப்படித்தான். இதைத் தெரிந்துகொண்டால் "எத்தனை தடவை சொன்னேன்" என்று ரோத்தானைத் தூக்குவது பாதியாகக் குறையும்.

பெரியவர்கள் பக்கம் வருகிறேன். ஜெர்மனியில் பால் பால்டஸ் என்று ஓர் அறிஞர் இருந்தார். எந்த வயதிலும் வரவும் உண்டு, இழப்பும் உண்டு, வளர்ச்சி கடைசிவரை நடக்கிறது என்றவர். பியானோ மேதை ரூபின்ஸ்டீனை உதாரணம் காட்டுவார். கிழவயதில் அவர் குறைவான பாட்டுகளையே எடுத்துக்கொண்டு அவற்றை அதிகம் பழகினாராம். வேகமான இடம் வருமுன் சற்று மெதுவாக வாசித்தால் அடுத்தது வேகமாகக் கேட்குமாம். மகள் இதைச் சொன்னபோது எனக்கு நம் பழைய வெட்டுக்காரர்கள்தான் ஞாபகம் வந்தார்கள். ஐம்பத்தைந்து வயது அம்மா மரத்துக்கு மரம் ஓடமாட்டார். கத்தியை நன்றாகத் தீட்டிக்கொள்வார், வீண் நடை நடக்கமாட்டார், பட்டையில் காயம் படாமல் வெட்டுவார். வாலிபர்கள் ஓடி வெட்டிய பாலுக்கு அவர் பால் குறைந்ததில்லை. அதை நாம் கைவாகு என்கிறோம். பாடத்தில் அதற்கு ஒரு அத்தியாயமே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு குறை சொன்னேன். ஓய்வு பெறும் நாளில் வேலையோடு தோட்டத்து வீடும் போகும் மனிதனுக்கு உங்கள் எட்டாம் படியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். நிறைவாகத் திரும்பிப் பார்க்கக்கூட ஒரு திண்ணை வேண்டாமா? அவள் எழுதிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் நடந்தோம். ஞாயிற்றுக்கிழமையானால் கட்டட வேலைக்கு வந்த தமிழ்நாட்டு, வங்காளதேசத்து வாலிபர்கள் புல்தரையில் நிரம்பியிருப்பார்கள். ஒரு தம்பி கைபேசியில் மனைவியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். குழந்தையைக் காட்டச் சொல்லிக் கெஞ்சினான். வாலிப வயதுக்கு எரிக்சன் வைத்த இழுபறி, ஒருவரோடு ஒருவர் நெருங்கி வாழ்வதா, தனித்துப் போவதா என்பது. வேலைப் பெர்மிட்டில் வந்தவர்கள் குடும்பத்தை அழைத்துவந்து வைத்துக்கொள்ள முடியாது. அவர்களுக்கு அந்தப் படியைச் சட்டமே தள்ளிப் போடுகிறது. மகள் நோட்டை மூடிவிட்டாள். "இது புஸ்தகத்துல இல்ல மாமா" என்றாள்.

பாட்டிமார்களுக்கு ஒரு செய்தி. 2006-ல் சிங்கப்பூரில் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆயிரத்துச் சொச்சம் பேரை ஆராய்ந்ததில், கறி அடிக்கடியோ எப்போதாவதோ சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்களைவிட ஞாபகசக்திச் சோதனையில் சற்று நன்றாகச் செய்தார்களாம். மஞ்சள் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள், முடிவாகவில்லை. இதைச் சாக்காக வைத்து உப்பையும் தேங்காய்ப் பாலையும் கூட்டிவிடாதீர்கள்; பிரஷர் மாத்திரை கொடுப்பவன் நான்தான்.

மகளின் கேள்விக்குப் பதிலைப் பாலம் தாண்டி வீடு வந்த பிறகுதான் அனுப்பினேன். "முன்னெல்லாம் நோயாளி பேச ஆரம்பிச்சதுமே மருந்தை எடுப்பேன். இப்ப அவங்க முடிக்கிற வரைக்கும் கேட்கிறேன். இதுதான் மாறியிருக்கு." அதையும் பேட்டியில் சேர்த்துக்கொண்டாளாம்.

செவ்வாய், வியாழன் பிற்பகலை ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். கிளினிக்கில் கொடுத்த பிள்ளைப் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள். பாட்டி கூட வந்தால் இன்னும் நல்லது. பிள்ளை எந்த மாதம் என்ன செய்தது என்பது அவருக்குத்தான் நன்றாக ஞாபகம் இருக்கும்.