துணை போன பின் உடம்பு படும் பாடு

"டாக்டர், அம்மா போனதிலேருந்து அப்பா பாதி ஆளாயிட்டாரு" என்று சொல்லிக்கொண்டே ஒரு மகன் தன் தந்தையைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். பெரியவருக்கு வயது 68. மனைவி இறந்து மூன்று மாதம். நாடி பார்த்துவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா ஐயா?" என்றேன்.

"எது எந்த வேளைக்குன்னு அவளுக்குத்தானே தெரியும்!" என்றார். கண் கலங்கிவிட்டது.

வாசகர்களே, துணையை இழந்த துக்கம் மனசோடு நிற்பதில்லை. உடம்பிலும் இறங்குகிறது. இங்கிலாந்தில் மனைவியை இழந்த, 55 வயதைத் தாண்டிய 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து, 1963-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதத்தில், மனைவியோடு வாழும் அதே வயது ஆண்களைவிட இவர்களிடம் இறப்பு சுமார் 40 சதவீதம் அதிகம்! பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது. ஆக, கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டியது அந்த முதல் ஆறு மாதம்.

உள்ளே என்ன நடக்கிறது?

அதிர்ச்சியில் அட்ரீனல் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். நோய் எதிர்ப்புச் சக்தி இறங்கும். சித்த மருத்துவத்தில் இதை வாதம் மிகுதல் என்போம். தூக்கம் கெடும், பசி மந்தமாகும், மலச்சிக்கல் வரும், உடம்பெல்லாம் வலிக்கும்.

சிலருக்கு, முக்கியமாக மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு, துக்கத்தில் இதயத் தசையே திடீரென்று பலவீனமாகிவிடும். ஜப்பானிய மருத்துவர்கள் 1990-ல் இதற்குப் பெயர் வைத்தார்கள். பார்க்க மாரடைப்பு மாதிரியே இருக்கும். ஆகவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் என்றால், "அழுது அழுது வந்ததுதான்" என்று விட்டுவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டார் செய்ய வேண்டியவை

* தட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். பசியில்லை என்றால் சீரகம் போட்ட பாசிப்பருப்புக் கஞ்சி கொடுங்கள்.

* பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை ஒருவர் பொறுப்பேற்றுக் கொடுங்கள்.

* காலையோ மாலையோ அரை மணி நேரம் துணைக்கு ஒருவர் நடக்கட்டும்.

* தூக்கத்துக்கென்று அமுக்கரா சூரணத்தைத் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். தைராய்டு, சர்க்கரை மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

* இறந்தவரைப் பற்றிப் பேசினால் தடுக்காதீர்கள். பேசினால்தான் பாரம் இறங்கும்.

* கணவரை இழந்த பெண்ணைச் சுப காரியங்களில் ஒதுக்காதீர்கள். வைத்தியனாகச் சொல்கிறேன், அந்த ஒதுக்கல் அவரை நோயாளியாக்கும்.

ஒரு வருஷமாகியும் எழ முடியாமல் கிடந்தாலும், "நானும் போயிடணும்" என்று ஒரு முறை சொன்னாலும், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசின் இலவச எண்ணிலும் பேசலாம்.

அந்தப் பெரியவர் போன வாரம் வந்தார். முகத்தில் கொஞ்சம் தெளிவு. மாத்திரை டப்பாவில் காலை, மதியம், ராத்திரி என்று பேத்தி எழுதி ஒட்டியிருக்கிறாளாம்.

"காபியில சக்கரை போட்டா திட்டுறா டாக்டர், அவ பாட்டி மாதிரியே!" என்றார். அன்றைக்குத்தான் அவர் சிரித்து முதன்முதலாகப் பார்த்தேன்.