முடிவு தெரிஞ்ச கதை

எழுமலையிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறுறீங்க. ஜன்னலோர சீட்டும் கிடைச்சாச்சு. இறங்குறதுக்குள்ள ஒரு முழு நாவலைப் படிச்சு முடிச்சிட முடியுமா, நேயர்களே?

தாராளமா முடியும்! அதுக்குன்னே அளவெடுத்த மாதிரி வந்ததுதான் மாத நாவல். 1969-ல ராணிமுத்து இதழ் ஆரம்பிச்சப்போ, மாசம் ஒரு முழுக் கதைன்னு கொடுத்தாங்க. முதல்ல வந்தது அகிலன் எழுதின பொன்மலர். அதுக்கப்புறம் எத்தனையோ மாத நாவல்கள், பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில வாழைப்பழத் தாருக்குப் பக்கத்துல கிளிப் மாட்டித் தொங்க ஆரம்பிச்சது.

இப்படி வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தவங்கதான் ரமணிசந்திரன். நூறு நாவலுக்கு மேல எழுதினவங்க, தமிழ்ல அதிகமா விற்பனையாகுற எழுத்தாளர்கள்ல ஒருத்தர். அவங்க கதையில நாயகனும் நாயகியும் பார்த்தவுடனே முட்டிக்குவாங்க. சந்தேகம், வீம்பு, கொஞ்சம் கண்ணீர். கடைசியில சேர்ந்துடுவாங்கன்னு நமக்கு முதல்லயே தெரியும். தெரிஞ்சுதானே படிக்கிறோம்! அந்த வீம்பு எந்த இடத்துல உடையுதுன்னு பார்க்கிறதுலதான் ருசியே இருக்கு. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சாக்கூடக் காதுல விழாது. இதெல்லாம் இலக்கியமான்னு கேட்கிறவங்க கேட்டுக்கிட்டே இருக்கட்டும், நாம அடுத்த அத்தியாயத்துக்குப் போவோம்.

ஆனா ஒண்ணு. வாடகை நூலகத்துல எடுக்குறதா இருந்தா, கடைசிப் பக்கம் கிழியாம இருக்கான்னு முதல்லயே புரட்டிப் பார்த்துக்குங்க!