காதைப் பொத்தும் பிள்ளையை அடிக்காதீர்கள்

தோட்டப்புறத் தோழர்களே! கோயில் திருவிழாவில் உறுமி முழங்கும்போது இரு காதையும் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். "காத்துக் கருப்பு பட்டிருக்கு, மந்திரிச்சு விடுங்க" என்பார் ஒருவர். "ரெண்டு போடு, அடங்கிடுவான்" என்பார் இன்னொருவர். பெற்றவள் பாவம், கூனிக் குறுகி நிற்பாள்.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடு. இப்பிள்ளைகளில் பலருக்குப் புலன்கள் நம்மைப்போல் வேலை செய்வதில்லை. நமக்குச் சாதாரணச் சத்தம் அவர்களுக்கு இடியாக இறங்கும். சட்டைக் கழுத்தில் தைத்த சீட்டு முள்ளாகக் குத்தும். சிலருக்கோ உணர்வு போதாது. அதனால்தான் சுற்றுகிறார்கள், குதிக்கிறார்கள், எதையும் மோந்து பார்க்கிறார்கள். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்தது.

சிங்கப்பூரின் சுவா சூ காங் வட்டாரமும் ஒரு காலத்தில் தோட்டக்காடுதான். சீனர்கள் அங்கே கம்பீரும் மிளகும் பயிரிட்டார்கள். இன்று எங்கும் அடுக்குமாடி வீடுகள். நடுவே உள்ள பூங்காவில் மனத்துக்கு இதம் தரவென்றே ஒரு தோட்டம் வைத்திருக்கிறார்கள். அது பெரும்பாலும் முதியவர்களுக்கானது. சற்றுத் தள்ளி ஜூரோங் ஏரித் தோட்டத்தில் 2021-இல் திறந்த தோட்டத்திலோ, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்தே ஒரு பகுதி அமைத்தார்கள். செடியைத் தொட்டு, முகர்ந்து, ஓடியாடிப் பிள்ளை அமைதி அடைகிறது. நோய் தீர்க்கும் இடமல்ல அது; ஆட்டிசத்துக்கு அப்படியொரு மருந்தும் கிடையாது.

பச்சிலை நம் லயத்து வாசலிலேயே இருக்கிறதே! கற்பூரவல்லியைக் கிள்ளி முகரக் கொடுங்கள். சேலையில் ஊஞ்சல் கட்டி ஆட்டுங்கள். தண்ணீர் வாளியைத் தூக்கிவரச் சொல்லுங்கள். பாரம் தூக்கினால் சில பிள்ளைகள் நிதானப்படுவார்கள். புல்வெட்டும் எந்திரக்காரர் போடும் காதுமூடி தெரியுமல்லவா? சிறிய அளவில் ஒன்று வாங்கி மாட்டுங்கள். கோயிலுக்கு மேளம் தொடங்குமுன் போய்வாருங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. ஒருவனுக்குப் பிடித்தது அடுத்தவனுக்கு ஆகாது. வேண்டாமென்று திமிறினால் உடனே விட்டுவிடுங்கள்.

வீட்டு வைத்தியத்தோடு நிற்காதீர்கள். இரண்டு வயதாகியும் பேச்சு வராமல், கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். பிள்ளை எதற்கு மிரளுகிறது, எதில் அடங்குகிறது என்று ஒரு வாரம் நோட்டில் குறித்துக் கொண்டுபோனால் டாக்டருக்கு மிகவும் உதவும்.