சாவி கொடுத்தால் ஓடும் காமிரா

கைத்தொலைபேசியை நீட்டினால் மணிக்கணக்கில் படம் பிடிக்கலாம் என்ற இந்நாளில், சாவி கொடுத்தால் அரை நிமிஷங்கூட ஓடாமல் நின்றுவிடும் ஒரு பழைய காமிராவை விலை கொடுத்து வாங்கி, அதற்கு ஃபிலிம் தேடி அலைந்து, எடுத்ததைக் கழுவுவதற்குத் தபாலில் எங்கோ அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பவர்களைக் கண்டால், இவர்களுக்கு வேறு வேலை இல்லையோ என்று தோன்றுவது சகஜந்தான். ஆனால் அவர்கள் எடுக்கும் படங்களில் இரண்டொன்றையேனும் பார்த்தவர்கள் அந்த அபிப்பிராயத்தில் நெடுநேரம் நிலைத்திருக்க மாட்டார்கள்.

இத்தகைய காமிராக்கள் வீட்டுக்கு வந்த கதை இதுதான். சினிமாத் தொழிலுக்கென ஏற்பட்ட 35 மி.மீ. ஃபிலிம் ஆரம்ப காலத்தில் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனது, விலையும் அதிகம், ஆகையால் அது வீட்டுக்குள் நுழைய யோக்கியதை அற்றதாக இருந்தது. பிரான்சில் பாத்தே கம்பெனியார் 1922-ல் 9.5 மி.மீ. ஃபிலிமையும், அமெரிக்காவில் கோடாக் கம்பெனியார் 1923-ல் 16 மி.மீ. ஃபிலிமையும், தீ அவ்வளவாக அண்டாத அசிடேட்டில் செய்து வெளியிட்ட பிறகே குடும்பஸ்தர்களின் கைக்குச் சலனப்படம் வந்து சேர்ந்தது. கோடாக் முறையில் நெகடிவ் என்று தனியாக ஒன்று கிடையாது. காமிராவுக்குள் ஓடிய அதே சுருள்தான் ரசாயனங்களில் முழுகி எழுந்து, பாசிடிவாக மாறி, புரொஜக்டரிலும் ஓடும். செலவைக் குறைப்பதற்காகச் செய்த ஏற்பாடுதான் இது. எனினும், குழந்தையின் முகத்தில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் எந்த ஃபிலிமைத் தீண்டிற்றோ அந்த ஃபிலிமே பல வருஷங்களுக்குப் பின்னும் நம் கண்ணெதிரே ஓடுகிறது என்பது சாமானியமான விஷயமன்று. பெரும்பாலும் அதற்கு வேறு பிரதியும் இராது, கிழிந்தால் கிழிந்ததுதான்.

பொருளாதார மந்தம் உலகை வாட்டிக்கொண்டிருந்த 1932-ல், செலவை இன்னும் சுருக்கும் பொருட்டு 8 மி.மீ. முறை வந்தது. 16 மி.மீ. அகலமுள்ள சுருளில் ஒரு பாதியில் மட்டும் படம் விழும். 25 அடி ஓடி முடிந்ததும் சுருளைத் திருப்பிப் போட்டால் மறுபாதியில் விழும். கழுவுமிடத்தில் அதை நெடுக வகிர்ந்து, நுனியோடு நுனி ஒட்டி, 50 அடியாக்கித் தருவார்கள். 1965-ல் வந்த சூப்பர் 8 இந்தத் திருப்பும் தொல்லையையும் ஒழித்து, ஃபிலிமைக் கையால் தொடாமலே கார்ட்ரிட்ஜைச் செருகிவிட்டுப் படம் எடுக்கும் சௌகரியத்தைத் தந்தது. அதன் 50 அடியில் 3,600 ஃப்ரேம்கள்; விநாடிக்கு 18 வீதம் ஓடினால் 3 நிமிஷம் 20 விநாடி. அவ்வளவுதான் ஆஸ்தி.

ரேஷன் காலத்துக் குடும்பத் தலைவி சர்க்கரையை அளந்து போடுவதுபோல் விநாடிகளை அளந்து செலவிட வேண்டிய இந்த நிர்ப்பந்தந்தான், என் அபிப்பிராயத்தில், இக்கலையின் ஜீவன். ஒரு விசேஷம் முழுவதையும் எடுத்துவிட முடியாதாகையால், எதை விடுவது என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான இந்தக் காமிராக்களில் ஒலியும் பதிவாகாதாகையால், வாய் பேசுவதைக் கை செய்வதிலும் கண் பார்ப்பதிலும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இதைப் பரிபூரணமாக உணர்ந்தவர் ஜோனாஸ் மேக்கஸ். லிதுவேனியாவில் ஒரு கிராமத்தில் 1922-ல் பிறந்து, யுத்த காலத்தில் ஜெர்மானியரின் கட்டாய உழைப்பு முகாமிலும் பின்னர் அகதி முகாம்களிலும் காலந்தள்ளி, 1949-ல் நியூயார்க் வந்து சேர்ந்த அவர், வந்த சில வாரங்களுக்குள்ளேயே கடன் வாங்கி ஒரு போலெக்ஸ் காமிராவை வாங்கினார். ஸ்விட்சர்லாந்தில் செய்யப்பட்ட அந்த 16 மி.மீ. யந்திரம் மின்சாரம் இன்றி, முறுக்கிய வில்லின் பலத்தாலேயே ஓடுவது. நண்பர்கள், பனி, பூங்கா, காலைக் காப்பி என்று கண்ணில் பட்டதையெல்லாம், சில சமயம் ஒரே விநாடியாகவும் சில சமயம் ஒற்றை ஒற்றை ஃப்ரேமாகவும், ஒருவர் நாட்குறிப்பு எழுதுவதை ஒத்த நியமத்தோடு அவர் எடுத்துச் சேர்த்தார். அவற்றைக் கோத்து 1969-ல் வெளியிட்ட ‘வால்டன்’ சுமார் மூன்று மணி நேரம் ஓடுகிறது. 1971-ல், கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட பிரிவுக்குப் பின் தாயைக் காண அவர் ஊர் திரும்பியபோது, கொண்டு சென்ற போலெக்ஸ் சீராக ஓட மறுத்தது. வேகம் கூடினால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் குறைந்து படம் இருளும், வேகம் தளர்ந்தால் வெளிறும். மேக்கஸ் அந்த ஏறுமாறான ஒளியை ஒதுக்காமல், ஊர் திரும்பிய மனத்தின் படபடப்பாகவே அதை அப்பயணத்தைப் பற்றிய படத்தில் அமைத்துக்கொண்டார். 2019-ல் காலமாகும்வரை அவர் இந்தப் பழக்கத்தை விடவில்லை. பிற்காலத்தில் வீடியோவுக்கு மாறினார், அவ்வளவுதான்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் காமிராவை வாங்குமுன் பாட்டரி வைக்கும் அறையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கட்டும். சில காமிராக்களில் வெளிச்சமானி இன்று கடைகளில் கிடைக்காத பாதரச பாட்டரியில் இயங்கும் என்பதையும் ஞாபகத்தில் வைக்க வேண்டும். புகழ்பெற்ற கோடாக்ரோம் கலர் ஃபிலிமைக் கழுவிக் கொடுத்துவந்த கடைசி இடமும் 2010-ம் வருஷ முடிவோடு அதை ஏற்பதை நிறுத்திவிட்டது. ஆகவே அதன் பழைய சுருளைக் கண்டு மயங்கி வாங்குவது வீண். கோடாக்கின் இன்னொரு கலர் ஃபிலிமான எக்டாக்ரோம் 2018-ல் திரும்ப வந்தது. காமிராவை வேகமாகத் திருப்பினால் 18 ஃப்ரேமில் படம் இழுபட்டுக் கண்ணை உறுத்தும்; ஜூம் இருக்கிறது என்பதற்காக அதை உபயோகிக்க வேண்டியதில்லை.

இந்தச் சிக்கனத்தை ஒரு பந்தயமாகவே ஆக்கிவிட்டவர்களும் உண்டு. 1999-ல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘ஸ்ட்ரெய்ட் 8’ என்ற போட்டியில் ஒருவருக்கு ஒரே ஒரு சூப்பர் 8 கார்ட்ரிட்ஜ். வெட்டி ஒட்டுவது கிடையாது. எடுத்த வரிசையே பார்க்கும் வரிசை. கழுவாத சுருளை அப்படியே அனுப்பிவிட வேண்டும். படத்தைக் காணாமலே ஒலியைத் தனியாகத் தயாரித்துக் கொடுக்க வேண்டும். தேர்வாகித் திரையிடப்பட்டால், எடுத்தவரும் அதை முதல் முதலாகச் சபையோடு உட்கார்ந்துதான் பார்ப்பார். கதவு மூடும் காட்சியும் கதவு மூடும் ஓசையும் ஒரே சமயத்தில் வர வேண்டுமானால் ஒவ்வொரு ஷாட்டின் நீளமும் முன்கூட்டியே கணக்காகியிருக்க வேண்டும். ஆகவே இப்போட்டிக்காரர்கள் ஃபிலிமுக்குச் செலவிடும் பொழுதைவிடக் காகிதத்துக்கும் பென்சிலுக்கும் செலவிடும் பொழுதே அதிகம் என்றால் ஆச்சரியமில்லை.